முதுகில் ஒரு மூடி

தோகுஜியின் நெஞ்சுக்குள் ஓடும் பம்பு நிற்க இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம் நாலே முக்கால் மணி. அதற்கு முந்தைய கட்டத்தை அடித்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

“அடுத்த மாசத்தோட முடியுது, நாகி,” என்றார்.

“எனக்கும் எண்ணத் தெரியும், மாஸ்டர்.”

தோகுஜி காகிதத்தில் இருக்கிற ஆள். பம்பும் காகிதத்தில் இருக்கிற பம்புதான். ஆனால் நாலு வருஷமாக அந்தத் தோகுஜியாக எங்களோடு உட்கார்ந்து விளையாடிய மனிதர் நிஜம். பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. அவருடைய பேர் எங்களில் யாருக்கும் தெரியாது.

இதை எங்கள் பஸ் டிப்போவில் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள். நாலு வருஷம், மாதம் ஒரு தடவை, ஒரே மேஜை, பேர் தெரியாதா? தெரியாதுதான். இந்த விளையாட்டுக்காரர்கள் நடுவில் அப்படித்தான் வழக்கம். பாத்திரத்தின் பேரே ஆளின் பேர். ஊர், உத்தியோகம், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் துருவினால் அது அநாகரிகம். எங்கள் ஊர் கொகுராவில் இருக்கிற சமூகக் கூடத்து மாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் நான் நாகி, சரக்குக் கப்பல் பைலட், இரண்டு கண்ணும் கருவிக் கண். வாரத்தில் ஆறு நாள் நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களுக்கு டியூட்டி போட்டு அவர்களிடம் திட்டு வாங்குகிற நாற்பத்து மூன்று வயதுப் பெண் வாசலிலேயே நின்றுவிடுவாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

விளையாட்டு என்றால் பேச்சுதான். விண்வெளியில் ஒரு ஓட்டைச் சரக்குக் கப்பல், அதில் நாங்கள் மூன்று பேர். என்ன நடக்கிறது என்று மாஸ்டர் இவாஷி சொல்வார், நாங்கள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம், நடக்குமா நடக்காதா என்ற தகராறு வந்தால் பகடை சொல்லும். கப்பலில் எல்லோருக்கும் உடம்புக்குள் ஏதாவது கருவி உண்டு. எனக்குக் கண், போத்தானுக்கு இரும்புக் கை, தோகுஜிக்கு இதயத்துக்குப் பதில் பம்பு.

கடையில் விற்கிற விதிப்புத்தகத்தில் இந்தக் கருவிகளைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கும். பொருத்திக்கொண்டால் சரி, பிறகு அது பாட்டுக்கு ஓடும். மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. அவர் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார், எதையும் சும்மா விடுகிற ஜாதி இல்லை.

“ஃபோனுக்கே தினம் சார்ஜ் போடறோம். நெஞ்சுக்குள்ள ஓடறதுக்கு வேணாமா? என்ன அநியாயம் இது?” என்று சொல்லி, இரண்டு பக்கத்துக்குத் தன் கைப்பட விதி எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆளுக்கு எட்டுக் கட்டம் சார்ஜ். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் ஒரு கட்டத்தை அடித்துவிட வேண்டும். அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் அவரவர் கையால் பகடை போட்டு நிரப்பிக்கொள்ளலாம். வராதவர்களுக்கு நிரம்பாது. இது சார்ஜ் சமாச்சாரம். பராமரிப்புக்கு அவர் வைத்த விதிதான் என் தலையெழுத்தை மாற்றியது. கருவியைத் திறக்கிற மூடி முதுகில் இருக்கும், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சொந்தக் கை எட்டாத இடத்தில். மாதம் ஒருமுறை இன்னொருவர்தான் திறந்து துடைத்து எண்ணெய் போட வேண்டும். உடையவர் தன் வாயால் ‘திற’ என்று சொல்லாமல் மூடி திறக்காது. சமையல் டைமரில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் இரண்டு பேரும் பாத்திரமாகவே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

“எதுக்கு மாஸ்டர் பேசணும்?” என்று போத்தான் அன்றைக்கே கேட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், இருபத்தாறு வயது, நாக்கில் நரம்பே கிடையாது.

“ஒருத்தர் முதுகைத் திறந்து வச்சுக்கிட்டு உம்முன்னு இருப்பியா? பல் டாக்டர்கூட மழையைப் பத்திப் பேசறாரு.”

என் கண்ணுக்குத் தோகுஜி, அவன் பம்புக்கு நான் என்று பகடை முடிவு செய்தது. மற்ற இருவரும் எழுந்து வராந்தாவில் போய் நிற்பார்கள். தோகுஜி ஜன்னல் பக்கமாகப் பாயில் திரும்பி உட்கார்ந்து ‘திற’ என்பார். நான் பின்னால் உட்கார்ந்து ஒரு பென்சிலைத் திருப்புளி மாதிரி காற்றில் பிடித்துக்கொள்வேன். தொட்டதில்லை. ஒரு தடவைகூட விரல் பட்டதில்லை. ஆனாலும் நாலு வருஷத்தில் அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம். சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறவர் என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரியும், நடுவில் எப்போதும் ஒரு தப்பு மடிப்பு இருக்கும்.

முகம் பார்க்காமல் பேசும்போது மனுஷனுக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ. முதல் மாதங்களில் கப்பலையும் எஞ்சினையும் பற்றிப் பேசினோம். பிறகு வேறு பேச்சு வந்தது. தன் அறையில் ஒரு பறவை வளர்ப்பதாகத் தோகுஜி சொன்னான், பேசுகிற ஜாதிப் பறவை, ஆனால் அவனிடம் மட்டும் பேசாதாம். இன்னொரு நாள், “சூப் வச்சா இன்னும் ரெண்டு பேருக்குத்தான் வைக்கிறேன், நாகி. ஏழு வருஷமாச்சு. கை அளவு மாற மாட்டேங்குது,” என்றான். நாகி என்ன சொல்வாள் என்று யோசிக்கவே நேரம் இல்லாமல் நான், “மிச்சத்தை என்ன பண்ணுவ?” என்றேன். “காலையில குடிச்சிடுவேன். ஆறிப் போயிருக்கும்,” என்றான். டைமர் கத்தியது. வீட்டுக்குப் போய் அன்றைக்கு நான் எதுவும் சமைக்கவில்லை.

எது தோகுஜி சொல்வது, எது அந்த மனிதர் சொல்வது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நான் சொன்னதில் எது யாருடையது என்பதாவது எனக்குத் தெரிந்ததா என்றால், அதுவும் இல்லை. மாதத்தின் மற்ற எல்லா நாளும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு வழியாக மட்டும் இருந்தன. காதல் என்று சொல்லலாம். சொன்னால் என்ன, சொல்கிறேன்.

ஜனவரியில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: “கப்பல் கரை ஒதுங்கிட்டா நீ எந்தப் பக்கம் போவ, நாகி?”

“ஏன்?”

“சும்மாதான். நானும் அந்தப் பக்கம்தான் போறேன்னு வச்சுக்கோ. அப்போ?”

டைமரில் இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. நான் செய்த காரியம், சிரித்தேன். “இந்தக் கப்பலாவது கரை ஒதுங்கறதாவது. மாஸ்டர் விடுவாரா?” என்றேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் இன்னொரு தடவை கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று இருபத்தெட்டு நாளும் மனசுக்குள் பாடம் செய்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஆட்டம் தொடங்கும் முன்பு மாஸ்டர் என் கையில் ஒரு துண்டுச்சீட்டைத் திணித்தார். ‘கப்பலின் வழிவரைபடத்தை எதிரிகளிடம் விற்றது தோகுஜி. உனக்கு இப்போதுதான் தெரிகிறது.’ கதைத் திருப்பம். நல்ல விளையாட்டுக்காரி என்ன செய்வாள்? ஆடுவாள். அவர் திரும்பி உட்கார்ந்து ‘திற’ என்றதும் நான் பென்சிலைத் தரையில் போட்டேன்.

“திறக்க மாட்டேன். இனிமே உன் மூடிக்கு வேற ஆளைப் பாத்துக்கோ.”

குரல் உடைந்து வந்தது. வராந்தாவிலிருந்து போத்தான் கை தட்டினாள். மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. தோகுஜி திரும்பாமலே, “நியாயம்தான்,” என்றார். அன்று மிச்ச ஆட்டத்தை நன்றாகத்தான் ஆடினார். போகும்போது எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். இரண்டு நாள் கழித்து எங்கள் ஃபோன் குழுவில், ‘தோகுஜி வெளியேறினார்’ என்று ஒரு வரி வந்தது.

மார்ச்சில் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. கேபிள் போட்டு என் சார்ஜிலிருந்து ஒரு கட்டம் அவனுக்குக் கொடுக்கலாம் என்று விதியில் ஓர் ஓட்டை இருந்தது. கொடுத்தேன். மூன்று மாதம் கொடுத்தேன். சார்ஜ் போதாமல் நாகிக்கு ஒரு கண் அவிந்துபோய், ஒற்றைக் கண்ணோடு கப்பலை ஓட்டி, இரண்டு பாறையில் இடித்து, போத்தானின் சரக்கு மொத்தமும் விண்வெளியில் கொட்டிப்போயிற்று.

“அக்கா, காதலிக்கறதுன்னா உங்க சரக்கை வச்சுக் காதலிங்க. என் சரக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் போத்தான்.

“யாருடி காதலிக்கறது? கப்பல் ஆளைச் சாக விட முடியுமா?”

“ஆமா ஆமா. நான் ஜுரம்னு ரெண்டு மாசம் வராதப்போ என் கைக்கு யாரும் கேபிள் போடல. பரவால்ல, நான் சகிச்சுக்கிட்டேன்.”

ஜூனில் மாஸ்டர் கேபிளையும் நிறுத்தினார். நாலு மாதம் மூடி திறக்காவிட்டால் உள்ளே துரு பிடிக்கும், துருப்பிடித்த முனை கேபிள் சார்ஜை ஏற்காது. அவர் எழுதிய விதிதான். முதல் மாதம் திறக்க மாட்டேன் என்றது நான்தான். கேபிள் நின்ற பிறகு மாதம் ஒரு கட்டம் போயிற்று. அந்தப் பம்பு நின்றுவிட்டால் தோகுஜியின் காகிதம் மாஸ்டரின் பையில் ‘முடிந்தவர்கள்’ உறைக்குள் போய்விடும். அவர் திரும்பி வந்து உட்கார இடமே இருக்காது. பேர் தெரியாத ஒருவரோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு அந்தக் காகிதம்தான்.

கடைசிக் கட்டம் மட்டும் மிஞ்சிய அக்டோபர் ஞாயிறுக்குப் பத்து நாள் கழித்து போத்தான் ஃபோன் செய்தாள். பக்கத்து நகரம் ஹகாதாவில் ஒரு புதுக் கூட்டத்துக்கு விளையாடப் போயிருந்தாளாம்.

“அக்கா, உக்காந்திருக்கீங்களா? நின்னுக்கிட்டிருந்தா உக்காருங்க. அங்க பக்கத்து மேஜையில ஒருத்தன் திரும்பி உக்காந்து ‘திற’ங்கறான்.”

“என்ன?”

“மூடி முதுகில. டைமர் பத்து நிமிஷம். நம்ம மாஸ்டர் விதி, அட்சரம் மாறாம. எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டேன். போன வசந்த காலத்துலேர்ந்து வர்ற ஒருத்தர் சொல்லிக் கொடுத்தாராம். கொகுராவில ஒரு மாஸ்டர் எழுதினதுன்னு சொன்னாராம். அன்னிக்கு அவர் வரல. மாசத்து முதல் சனிக்கிழமை கட்டாயம் வருவாராம்.”

நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேஜை டிராயரைத் திறந்தேன்.

“அக்கா? அழறீங்களா?”

“டியூட்டி சார்ட்டைப் பாக்கறேன்,” என்றேன். உண்மையாகவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமையில் என் பேருக்கு நேரே நானே விடுப்பு போட்டுக்கொண்டேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே ஹகாதாவுக்குப் போனேன். டிரைவர், “மேடம், என்னை வேவு பாக்கறீங்களா?” என்றார். “ரோட்டைப் பாத்து ஓட்டுங்க,” என்றேன். வழியெல்லாம் எனக்குத் திட்டு வார்த்தைகள்தான் தோன்றிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வாய் இல்லையா? ஒன்பது மாதம். என் கண்ணே போயிற்று.

கூட்டம் நடந்த அறை வாசலில் ஒரு பெண் ஸ்டிக்கரும் பேனாவும் நீட்டினாள். “விளையாட்டுப் பேரை எழுதி நெஞ்சில ஒட்டிக்கோங்க.” நாகி என்று எழுதப் போய், கை நின்றுவிட்டது. நாகியைப் பார்த்தால் அவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம். வேறு பேர் எதுவும் தோன்றவில்லை. ‘ஹிசானோ’ என்று எழுதினேன், என் சொந்தப் பேர். “பழைய காலத்துப் பாத்திரம் மாதிரி இருக்கு, நல்லாருக்கு,” என்றாள் அந்தப் பெண்.

அவர் கோடி மேஜையில் இருந்தார். முகம் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சாம்பல் சட்டை, நடுமுதுகில் அந்தத் தப்பு மடிப்பு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார், பின்னால் கண்ணாடி போட்ட ஒரு குண்டு மனிதர் பேனாவைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்துகொண்டிருந்தார். டைமர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவரோரமாக நின்றேன்.

“துரு நிறைய இருக்கே,” என்றார் குண்டு மனிதர். “இதுக்கு முன்னாடி யாரு பாத்துக்கிட்டது?”

“ஒரு பைலட். நல்லாத் திறப்பா.”

“இப்ப எங்க?”

“வேற ஆளைப் பாத்துக்கோன்னுட்டா. நியாயம்தான். நான்தான் கேக்கக் கூடாத ஒண்ணைக் கேட்டுட்டேன். அதுக்கு அப்படிப் பதில் சொல்லிட்டா.”

“இது உங்க கதையில வருதா, இல்ல…” குண்டு மனிதர் குரலைத் தாழ்த்தினார்.

“அதுதான் எனக்கும் தெரியல. போய்க் கேக்கற தைரியமும் வரல.”

நான் வந்த வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த திட்டு அத்தனையும் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. ஜனவரியில் அவர் கேட்ட கேள்விக்கு பிப்ரவரியில் நான் பதில் சொல்லிவிட்டதாக இந்த மனிதர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மாஸ்டரின் துண்டுச்சீட்டுக்கு நான் ஆடினேன். நன்றாக ஆடினேன். அதுதான் தப்பு.

டைமர் அடித்தது, இடைவேளை விட்டார்கள். அவர் எழுந்து திரும்பினார். முதலில் என் நெஞ்சில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை.

“புதுப் பாத்திரமா?” என்றார்.

“இல்ல. என் பேர்.”

நடைவழியில் பானங்கள் விற்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றோம். அவர் பேர் மத்சுகுமா. மருத்துவமனைகளுக்குச் சலவைத் துணி வண்டி ஓட்டுகிறார். அவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு இரண்டு பேரும் அந்த இயந்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு வருஷம் மழை மாதிரி பேசியவர்கள். எதிரெதிரே நின்றதும் ‘நீங்க’ ‘நீங்க’ என்று தடுக்கி விழுந்தோம்.

“அன்னிக்கு நான் சொன்னது மாஸ்டர் குடுத்த சீட்டு,” என்றேன். “வரைபடத்தை நீங்க வித்துட்டீங்கன்னு எழுதியிருந்துச்சு.”

“நானா வித்தேன்?”

“கதையில.”

“எனக்கு அது தெரியாதே.” அவர் கொஞ்சம் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். “நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்.”

“பறவை?” என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“பறவை எல்லாம் கிடையாது. அது தோகுஜி.”

“ரெண்டு பேருக்கு சூப்பு வைக்கிறது?”

“அது நான். மனைவி தவறி இப்ப பன்னெண்டாவது வருஷம்.” பிறகு மெதுவாக, “கண்ணு மங்கிட்டா யாராவது கையைப் பிடிச்சு நடத்தினாத் தேவலைன்னு ஒரு தடவை சொன்னீங்க,” என்றார்.

“அது நாகி,” என்றேன். அது பொய். வாயிலிருந்து வந்துவிட்டது. “இல்ல. நான்தான்.”

உள்ளேயிருந்து யாரோ ஆட்டம் தொடங்குகிறது என்று கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. “பம்பு?” என்று கேட்டார்.

“ஒரு கட்டம் இருக்கு. எட்டு நாள்ல அதையும் அடிச்சிடுவாங்க.”

“இன்னுமா ஓடிக்கிட்டிருக்கு?” என்று என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார். “அப்போ அந்த ஞாயித்துக்கிழமை நான் வந்து பகடை போட்டா?”

ஒன்பது மாதமாக நான் வேண்டிக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். தலையாட்டியிருந்தால் போதும். மறுபடியும் ஜன்னல் பக்கம், மறுபடியும் அந்த முதுகு, மாதம் பத்து நிமிஷம். அதை நினைத்தபோதே எனக்குப் பசி மாதிரி ஒன்று வந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாலு வருஷம் ஓட்டிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை வராதீங்க,” என்றேன். “வியாழக்கிழமை வாங்க. கொகுரா ஸ்டேஷன் எதிர்ல ஒரு உதோன் நூடுல்ஸ் கடை இருக்கு. சாயங்காலம் ஆறு மணி. தோகுஜி வேணாம். நீங்க வாங்க.”

“கதை இல்லாம எனக்குப் பேச வராது, ஹிசானோசான்,” என்றார், என் பேரோடு மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து.

“எனக்கு மட்டும் வருதா?”

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே போய் ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்தேன். ஆறேகாலுக்குக் கடைக்கார அம்மாள் இரண்டாவது தடவை வந்து நின்றபோது வெட்கமாகி இரண்டு கிண்ணம் சொல்லிவிட்டேன். எதிரில் வைத்த கிண்ணத்திலிருந்து ஆவி வந்தது, அப்புறம் வரவில்லை. நூடுல்ஸ் ஊறி ஊறி கிண்ணம் நிரம்பிக்கொண்டே வந்தது. ஏழரைக்கு எழுந்து வீட்டுக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பில் எங்கள் டிரைவர் யாரோ வணக்கம் சொன்னார், பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஞாயிறு ஒரு மணிக்குக் கூடத்து மாடிக்குப் போய், “மாஸ்டர், கட்டத்தை இப்பவே அடிச்சிடுங்க. சாயங்காலம் வரைக்கும் என்னால உக்கார முடியாது,” என்றேன்.

“பாத்தியா அவரை?”

“பாத்தேன்.”

போத்தான் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாஸ்டர் பையிலிருந்து தோகுஜியின் காகிதத்தை எடுத்தார். “நீயே அடிக்கறியா?” என்று பென்சிலை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். கதவு நகர்ந்தது. மத்சுகுமா வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், சாம்பல் சட்டையும் கையில் பகடையுமாக.

“தாமதமாயிடுச்சு,” என்றார். “தோகுஜிதான். போடலாமா?”

போத்தான் ஓவென்று கத்தினாள். பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி நின்றே போயிற்று. அவர் பாயில் மண்டியிட்டுப் பகடையை உருட்டினார், இரண்டு ஆறு. எட்டுக் கட்டமும் நிரம்பியது. மாஸ்டர் அழித்து அழித்து எழுதினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பென்சிலை ஒடித்திருப்பேன். வியாழக்கிழமை நான் கூப்பிட்ட ஆள் வரவில்லை. வராதே என்று நான் சொன்ன ஆள் வந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

“முதல்ல துருவை எடுக்கணும். பராமரிப்பு,” என்றார் மாஸ்டர். டைமரைத் திருகி வைத்துவிட்டு, போத்தானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “திற,” என்றார்.

நான் பென்சிலை எடுக்கவில்லை. டைமர் ஓடியது. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

“நாகி, ஒரு துறைமுகத்துல ஒரு கடையைப் பாத்தேன்,” என்றான் தோகுஜி. “தெருவுக்கு அந்தப் பக்கம். ஜன்னல்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, ரெண்டு கிண்ணம் வச்சுக்கிட்டு. நான் ஒண்ணரை மணி நேரம் இந்தப் பக்கமே நின்னேன். சிக்னல் பச்சையாகும், சிவப்பாகும், மறுபடி பச்சையாகும். கால் எடுத்து வைக்க முடியல. அவ எழுந்து போறப்பவும் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.”

முதுகில் அந்த மடிப்பு அசைவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த மனிதருக்கு இது ஒன்றுதான் வாசல், வேறு வழியில் அவரால் வர முடியாது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தால் ஆசை குறைந்துவிடுமா? குறையவில்லை. கோபமும் குறையவில்லை. நாகியின் குரலில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், பத்து நிமிஷமும் இனிமையாகப் போயிருக்கும்.

“மத்சுகுமாசான்,” என்றேன்.

அவர் தோள் விறைத்தது. இந்த அறையில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வராந்தாவில் மாஸ்டரும் போத்தானும் பேச்சை நிறுத்துவது கேட்டது.

“உங்க மூடியை நான் திறக்கறேன். மாசா மாசம் திறக்கறேன். ஆனா எனக்கு அது போதாது. வர்ற வியாழக்கிழமையும் அதே ஜன்னல்லதான் உக்காந்திருப்பேன். தெருவைத் தாண்டறதும் தாண்டாததும் உங்க இஷ்டம். போன தடவை கடையில உங்களுக்கும் நானா ஏதோ சொல்லி வச்சேன், அது வீணாப் போச்சு. இந்தத் தடவை என்ன சொல்லி வைக்கட்டும்?”

டைமரில் ஆறு நிமிஷம் இருந்தது, ஐந்து இருந்தது. பக்கத்து அறையில் பாட்டு மறுபடி தொடங்கியது. நான் பென்சிலை எடுத்து அவர் முதுகுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், கை வலித்தது. நாலு, மூன்று.

“கோபோ வேர் தெம்புரா போட்ட உதோன்,” என்றார் கடைசியில். தோகுஜியின் குரல் இல்லை அது, இரண்டு கட்டை கீழே, கரகரவென்று இருந்தது. “நான் வந்து உக்காந்தப்புறம் சொல்லுங்க, ஹிசானோசான். ஆறிடும்.”